கொடுப்பனவோடு ஆறு மாத சமூக நீதிப் பயிற்சி: வன்னிப் பிள்ளைகள் போகலாமா?

முத்தையன்கட்டுக்காரி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் ஆலோசனை வேண்டும். வயது 24. உயர்தரம் கலைப்பிரிவில் மூன்று பாடமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி காணவில்லை. பிறகு கணினியில் என்விகியூ 4 (தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ்) முடித்தேன். இப்போது வீட்டில்தான். சீசனுக்கு நிலக்கடலை பிடுங்கப் போவேன், அவ்வளவுதான்.

கிளிநொச்சி நகரத்தில் ஒரு சின்ன அமைப்பு வேலையில்லாத பிள்ளைகளை 6 மாதப் பயிற்சிக்கு எடுக்கிறது. காணி, காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள், நுண்கடன், தகவல் அறியும் உரிமை என்று வேலை இருக்கிறதாம். மாதம் 25,000 ரூபா. அம்மா ஆடைத் தொழிற்சாலைக்குப் போ என்கிறார். அங்கே பஸ் ஊருக்குள்ளேயே வரும், ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) இருக்கும். அண்ணா ஒரேயடியாக, "சமூக நீதி சோறு போடுமா?" என்று கேட்டுவிட்டார். எனக்குப் போக விருப்பம். ஆனால் 6 மாதம் முடிந்த பிறகு என்ன என்று யாரும் சொல்கிறார்கள் இல்லை. இப்படியான பயிற்சிக்குப் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பரந்தன்பெடியன் எழுதியது:

25,000 ஆ? தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 30,000. நீதிக்காக வேலை செய்கிற இடமே அதற்குக் கீழே கொடுத்தால் எப்படி? முத்தையன்கட்டிலிருந்து ஒட்டுசுட்டான், மாங்குளம் என்று பஸ் மாறிப் போய்வர மாதம் எவ்வளவு போகும் என்று முதலில் கணக்குப் பாருங்கள், தங்கச்சி. பயிற்சி என்று பெயர் வைத்துவிட்டால் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று நினைப்புப் போல.

கனகராயன் எழுதியது:

மீள்குடியேற்றக் காலத்திலிருந்து வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தவன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வன்னிக்குத் திட்டங்கள் ஒருநாளும் குறையவில்லை. மெனிக்பாம் அகதி முகாமிலிருந்து சனம் திரும்பிய நேரம் தறப்பாளும் காசுக்கு வேலையும், பிறகு வீட்டுத்திட்டம், பிறகு வாழ்வாதாரம் என்று கோழியும் தையல் மெசினும், 2015 க்குப் பிறகு நல்லிணக்கமும் நிலைமாறுகால நீதியும் (போர்க்கால அநியாயங்களுக்குப் பொறுப்புக்கூறல்). ஒவ்வொன்றுக்கும் எங்கள் பிள்ளைகளை எடுத்தார்கள். பெரும்பாலும் என்ன வேலை? ஆட்களைக் கூட்டுவது, வருகைத்தாளில் கையெழுத்து வாங்குவது, பனர் கட்டுவது, பற்றிஸும் பிளேன்ரீயும் ஒழுங்கு செய்வது, படம் எடுப்பது. கூட்டத்தில் அம்மாமார் அழுது சொன்ன கதையைக் கொழும்பிலிருந்து வந்தவர் ஆங்கிலத்தில் அறிக்கையாக எழுதுவார். திட்டம் முடிய அவர் அடுத்த திட்டத்துக்குப் போவார், எங்கள் பிள்ளை வீட்டுக்குப் போகும். 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி திடீரென்று நின்றபோதும் முதலில் வீட்டுக்குப் போனது கீழ்மட்டத்தில் இருந்தவர்கள்தான்.

ஆகவே நேர்முகத்துக்குப் போனால் ஒன்று கேள், பிள்ளை: கோப்பு யார் கையில்? காணிப் பிரச்சினையோடு ஒரு அம்மா வந்தால், முதல்நாள் கதை கேட்பது தொடக்கம் பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதி, பதில் வராவிட்டால் நினைவூட்டல் எழுதி, ஒரு முடிவு வரும்வரை நீ கொண்டுபோவாயா? ஓம் என்றால் சம்பளத்தைப் பேரம் பேசலாம். இல்லை என்றால் 50,000 தந்தாலும் கடைசியில் மிஞ்சுவது லமினேட் செய்த சான்றிதழ்தான்.

நான் சொல்லும் வேலை எப்படியானது என்று விளங்கச் சொல்கிறேன். காணி பெர்மிட் (அரச காணிக்கான அனுமதிப்பத்திரம்) கணவர் பெயரில். கணவர் 2009 இல் காணாமல் போனார். பெர்மிட்டைத் தன் பெயருக்கு மாற்ற மனைவி போகிறார். மரணச் சான்றிதழ் கொண்டுவா என்கிறார்கள். "பிணம் காணாமல் நான் எப்படிக் கையெழுத்து வைப்பேன்?" என்று அவர் திரும்பி வந்துவிடுகிறார். 2010 இன் தற்காலிக ஏற்பாடுகள் சட்டப்படி காணாமல் போனவருக்கு மரணப் பதிவு எடுக்கலாம் என்பது பல பேருக்குத் தெரியும். 2016 இல் அதே சட்டத்தைத் திருத்தி, மரணம் என்று எழுதாமல் காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்க வழி செய்தார்கள் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. சில நேரம் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் தெரியாது. அதே மாதிரி, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் 1935 இலிருந்து ஆண்பிள்ளைகளை முன்னுக்கு வைத்த பின்னுரிமை அட்டவணை (பெர்மிட்காரர் இறந்தால் காணி யாருக்கு என்று சொல்வது) 2022 இல்தான் திருத்தப்பட்டது. "மூத்த ஆண்பிள்ளைக்குத்தான்" என்று இன்றைக்கும் சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அந்த வாங்கில் அம்மாவோடு பக்கத்தில் இருந்து, திருத்தச் சட்டத்தின் பிரதியை எடுத்து நீட்ட ஒரு பிள்ளை வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.

மல்லாவிடீச்சர் எழுதியது:

கனகராயன் அண்ணை சொன்னது சரி. ஆனால் சம்பளத்தை இரண்டாம் இடத்துக்குத் தள்ளினது எனக்குச் சரியாகப் படவில்லை.

வன்னியில் எங்கள் வயதுக்காரர் இந்த விளையாட்டைப் பார்த்து முடித்தவர்கள். நான் தொண்டர் ஆசிரியையாக இருந்தேன். சண்டை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது ஆசிரியர் இல்லை, நாங்கள் போய் நின்றோம். நிரந்தர ஆசிரியர் செய்த அதே வேலை, அதே நேரசூசி. பெற்றோர் சேர்த்துத் தந்த காசு சில மாதம் வரும், சில மாதம் வராது. "இருங்கோ, நிரந்தரமாக்குவார்கள்" என்ற ஒரு சொல்லில் வருடக்கணக்காக இருந்தோம். பிறகு நியமனத்துக்காக வீதியில் இருந்தோம். சிலருக்குக் கிடைத்தது, வரவுப் பதிவேட்டில் பெயர் ஒழுங்காக இல்லாதவர்களுக்குக் கிடைக்கவில்லை. வடக்கில் சுகாதாரத் தொண்டர்களும் இப்படித்தான் போராடினார்கள்.

அதனால் மகள், கடிதம் வாங்காமல் ஒருநாளும் போக வேண்டாம். தொடங்கும் திகதி, முடியும் திகதி, தொகை, எந்தத் திகதியில் தருவார்கள், பஸ் காசு யார் தருவது, இவ்வளவும் எழுத்தில் இருக்கவேண்டும். "பார்த்துச் செய்வோம்" என்றால் நீங்களும் பார்த்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஸ்காபரோவன்னியன் எழுதியது:

வாசிக்கக் கவலையாக இருக்கிறது. சனத்துக்குச் செய்யும் வேலைக்கும் குறைந்தபட்சச் சம்பளம், பஸ் காசு என்று கணக்கா? 2017 இல் முல்லைத்தீவின் பிலக்குடியிருப்புச் சனம் விமானப்படை முகாம் வாசலில் ஒரு மாதம் பனியிலும் வெயிலிலும் இருந்து காணியை மீட்டது. அவர்களுக்கு யார் சம்பளம் கொடுத்தது? அதே வருடம் பெப்ரவரி 20 இலிருந்து காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போராட்டம் இருந்த அம்மாமாருக்கு யார் கொடுத்தது? காசு வந்தால் உணர்வு போய்விடும். இது என் அனுபவம்.

பரந்தன்பெடியன் எழுதியது:

> காசு வந்தால் உணர்வு போய்விடும்

அண்ணை, உங்கள் கனடாவில் இப்படி வேலை செய்கிறவர்களுக்கு மணித்தியாலக் கணக்கில் சம்பளம் போகிறது. அவர்களுடைய உணர்வு போனதாக நான் கேள்விப்படவில்லை.

மல்லாவிடீச்சர் எழுதியது:

ஸ்காபரோ தம்பி, கோபிக்க வேண்டாம். அந்த அம்மாமார் இருந்தது தங்கள் பிள்ளைக்காக, தங்கள் காணிக்காக. அதற்கு ஒருவரும் கூலி கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள். ஆனால் கோயிலடிக்கு வந்த நாளெல்லாம் அவர்களுக்குக் கூலி நாள் போனது. வந்து போகக் காசில்லாமல் வராமல் விட்டவர்களும் உண்டு. பிள்ளையைக் காணாமலே கண்ணை மூடியவர்களும் உண்டு. அவர்கள் ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த கடிதங்கள், படங்கள், பதிவு இலக்கங்கள் எல்லாம் வீட்டுச் சொப்பிங் பைகளில் கிடக்கின்றன. அதை ஒழுங்குபடுத்தி, பிரதி எடுத்து, வரிசைப்படுத்தி வைக்க ஒரு பிள்ளை தினமும் இருந்து வேலை செய்யவேண்டும். அந்தப் பிள்ளை எதைச் சாப்பிடுவது?

நெடுங்கேணிவாசகி எழுதியது:

இதுவரை எல்லோரும் வெளியிலிருந்து ஒருவர் வந்து பிள்ளைகளைப் பயிற்றுவிப்பது மாதிரியே கதைக்கிறீர்கள். எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது.

ஊருக்கு ஊர் ஒரு பிள்ளை இந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறாள். எங்கள் வீதியில் ஒருத்தி. உயர்தரம் படித்தவள், எழுத்து முத்து முத்தாக இருக்கும். 2023 இல் சமுர்த்தி உதவி மாறி அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு வந்தபோது ஊரில் பாதிப் பேர் அவள் வீட்டு விறாந்தையில்தான் இருந்தார்கள். 22 குறிகாட்டி வைத்து ஆட்களைத் தெரிவு செய்தார்கள் அல்லவா, அதில் கரண்ட் பாவனையும் ஒன்று. ஒரு ஆச்சிக்குப் பெயர் வரவில்லை. இவள் ஆச்சியின் கரண்ட் பில்லை எடுத்துப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்கும் அதே மீற்றரிலிருந்து வயர் போகிறது. ஆச்சிக்கு அது பெரிய விசயமாகவே தெரியவில்லை, "பாவம், அதுகளுக்கு லைற் இல்லை" என்கிறார். அதை அப்படியே மேன்முறையீட்டில் எழுதி, கிராம அலுவலரிடம் கடிதம் வாங்கி, இரண்டு பில்லையும் சேர்த்துக் குத்தி அனுப்பினாள். அன்றைக்கு அவளுக்குக் கிடைத்தது ஒரு முருங்கைக்காய்க் கட்டு.

லோன்காரர் வருகிற நாளிலும் அவள்தான். கொப்பியை வாங்கி, எவ்வளவு எடுத்தது, எவ்வளவு கட்டியாயிற்று, மிச்சம் எவ்வளவு என்று பென்சிலால் போட்டுக் காட்டுவாள். கிழமைத் தவணை மாத்திரம் தெரிந்த அக்காமாருக்கு மொத்த வட்டி எவ்வளவு என்று தெரிவது அப்போதுதான். ஒரு நாள் வசூலிக்க வந்த பெடியனே தன் கொப்பியை அவளிடம் கொடுத்துச் சரிபார்த்தான் என்றால் பாருங்கள்.

இவளுக்கு மாதச் சம்பளம் கொடுங்கள், அதுதான் என் கட்சி. விளம்பரத்தை முகநூலில் போட்டு, ஆங்கிலத்தில் சி.வி கேட்டு, மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் கட்டாயம் என்றால் யார் வருவார்கள்? யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியா ரவுணிலிருந்தும் வருவார்கள். ஆறு மாதம் ஊர் படித்துவிட்டுப் போவார்கள். இவள் விறாந்தையிலேயே இருப்பாள்.

கனகராயன் எழுதியது:

நெடுங்கேணி அக்கா, இதைத்தான் நான் சொல்லத் தெரியாமல் சுற்றினேன்.

சட்டம்படிக்கிறவன் எழுதியது:

வெளிநாடுகளில் இதை ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள். சியரா லியோனில் 2012 சட்ட உதவிச் சட்டம், உள்ளூர்ப் பிரிவுக்கு ஒரு துணைச் சட்டப் பணியாளராவது (வழக்கறிஞர் இல்லாமலே சட்ட விசயத்தில் சனத்துக்கு உதவுகிறவர்) இருக்கவேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறது. தென்னாபிரிக்காவில் ஊர் ஆலோசனை நிலையங்களில் இப்படியானவர்கள் நிறவெறிக் காலத்திலிருந்தே இருக்கிறார்கள். அங்கே வேலையில்லா இளைஞர்களுக்கு 12 மாதச் சம்பளத்தோடு வேலை அனுபவம் கொடுக்கும் திட்டம் ஒன்றும் 2018 இல் தொடங்கியது. எங்கள் நாட்டில் சட்ட உதவி ஆணைக்குழு 1978 சட்டத்தால் வந்தது. நீதிமன்றங்களை ஒட்டி நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் ஐயன்கன்குளத்திலிருந்து ஒரு அம்மா அங்கே வந்துசேர ஒரு நாள் போய்விடும். இடையில் ஆள் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பயிற்சிக்குப் போகிறவர் வழக்கறிஞர் மாதிரிக் கதைக்கக்கூடாது. "உங்களுக்குக் கட்டாயம் கிடைக்கும்" என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. சத்தியக் கடதாசியைச் சமாதான நீதவானிடம் கொடுத்துத்தான் உறுதிப்படுத்தவேண்டும். வழக்கு என்று வந்துவிட்டால் சட்ட உதவி நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடவேண்டும். எங்கே நிறுத்துவது என்று சொல்லித் தராத பயிற்சி ஆபத்து.

ஏ9பயணி எழுதியது:

எல்லோரும் நல்லாக் கதைக்கிறீர்கள். ஒருவரும் சொல்லாததை நான் சொல்கிறேன். காணாமல் ஆக்கப்பட்டோர் சம்பந்தமான வேலைக்குப் போகும் பிள்ளையின் வீட்டுக்குப் புலனாய்வு வரும். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து, "மகள் எங்கே வேலை செய்கிறா? சம்பளம் யார் தருகினம்?" என்று தாயிடம் கேட்டுவிட்டுப் போவார்கள். தாய் அன்றிரவு நித்திரை கொள்ள மாட்டார். 2023 செப்டெம்பரில் முல்லைத்தீவு நீதிபதி சரவணராஜாவே உயிர் அச்சுறுத்தல் என்று எழுதிக் கொடுத்துப் பதவி விலகி நாட்டை விட்டுப் போனார். நீதிபதிக்கே அந்த நிலை என்றால் 24 வயதுப் பிள்ளைக்கு யார் பொறுப்பு? கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் ஆள் எடுக்கின்றன, எங்கள் பெண்பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே உழைக்கிறார்கள். வெடிக்குப் பக்கத்தில் வேலை என்றாலும் காப்புறுதி இருக்கிறது!

கனகராயன் எழுதியது:

ஏ9 தம்பி சொல்வது பொய்யில்லை, பயப்படுத்தவும் இல்லை. என் வீட்டுக்கும் வந்தார்கள். அதற்குச் செய்யக்கூடியது சில இருக்கின்றன. முதலே அம்மா அப்பாவுக்கு என்ன வேலை என்று அமைப்பின் பொறுப்பாளரே வீட்டுக்கு வந்து சொல்லவேண்டும். வந்து கேட்டால் அமைப்பின் பெயரையும் பொறுப்பாளரின் நம்பரையும் மாத்திரம் கொடு. வீட்டில் எந்தக் கோப்பும் வைக்காதே. வந்த திகதி, நேரம், வாகன இலக்கத்தைக் குறித்து வை. தொடர்ந்து வந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் அமைப்பே முறைப்பாடு கொடுக்கவேண்டும், பிள்ளையைத் தனியே அனுப்பக்கூடாது. இதற்கு ஓம் என்று சொல்லாத அமைப்புக்கு அந்தக் கோப்புகளைத் தொட ஆள் எடுக்கும் தகுதியில்லை. வேண்டுமானால் காணி, கடன், தகவல் உரிமைப் பக்கம் மாத்திரம் தா என்று கேட்கலாம். அதில் வெட்கம் இல்லை.

பட்டதாரிப்பயிலுனர்2020 எழுதியது:

அரசாங்க வேலைக்குக் காத்திருக்கச் சொல்கிறவர்களுக்கு ஒரு வரி. 2020 இல் எங்களைப் பட்டதாரிப் பயிலுனராக எடுத்தார்கள். மாதம் 20,000, ஒரு வருடம் பயிற்சி என்று சொல்லி. போன இடத்தில் எங்களுக்கு இருக்கக் கதிரை இல்லை. நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி நின்றோம். பிறகு நிரந்தரம் கிடைத்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு கடிதம் எழுதக்கூட ஒருவரும் சொல்லித் தரவில்லை. இந்தப் பிள்ளை ஆறு மாதத்தில் அதைப் படித்தால் எங்களைவிட முன்னுக்குத்தான் நிற்கும்.

முத்தையன்கட்டுக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். மல்லாவி டீச்சர் எழுதியதை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

நேர்முகத்துக்குப் போய் வந்தேன். கோப்பைப் பற்றிக் கேட்டதும் பொறுப்பாளர் அக்கா சிரித்துவிட்டு, "யார் சொல்லி விட்டது?" என்றார். ஆளுக்கு ஆறு, ஏழு கோப்பு தருவார்களாம், ஆனால் கடிதத்தில் கையெழுத்து அவர்களுடையது. கிழமையில் இரண்டு நாள் மாத்திரம் கிளிநொச்சி, மற்ற நாள் ஒட்டுசுட்டான் பக்கத்து ஊர்களில். பஸ் காசு பற்றுச்சீட்டுக்குத் தருவார்கள். கடிதம் தருவார்கள். 30,000 ஆக்கச் சொல்லிக் கேட்டேன். நிதி கொடுத்தவர்களுக்கு எழுதிப் பார்க்கிறோம் என்றார்கள். ஈபிஎஃப் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டோர் கோப்பு முதல் இரண்டு மாதம் வேண்டாம் என்று சொன்னேன், சரி என்றார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு என்ன என்பதற்கு அவர்களிடமும் பதில் இல்லை, அதை ஒளிக்காமல் சொன்னார்கள்.

பரந்தன்பெடியன் எழுதியது:

"எழுதிப் பார்க்கிறோம்" என்பதையும் கடிதத்தில் போடச் சொல்லுங்கள். நான் இன்னும் சம்மதம் இல்லை. 30,000 இல்லாமல் போகக்கூடாது என்பதுதான் என் நிலை. இன்றைக்கு நீங்கள் 25,000 க்குப் போனால் அடுத்த குழுவுக்கும் அதுதான் விலை.

மல்லாவிடீச்சர் எழுதியது:

அதில் நான் பரந்தன் தம்பியோடுதான். ஆனால் போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உள்ளே போய்க் கேளுங்கள், மகள். ஒரே குழுவில் எடுபடுகிற எல்லோரும் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுங்கள்.

ஸ்காபரோவன்னியன் எழுதியது:

நான் சொன்னதை முழுக்க மாற்றவில்லை. ஆனால் நெடுங்கேணித் தங்கச்சி சொன்ன பிள்ளையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊர்ச் சங்கம் வருடா வருடம் கோயில் திருவிழாவுக்குக் காசு அனுப்புகிறது. அதில் ஒரு பங்கை இப்படி ஒரு பிள்ளைக்கு ஒரு வருடச் சம்பளமாகக் கொடுத்தால் யார் ஊடாக அனுப்புவது?

நெடுங்கேணிவாசகி எழுதியது:

தனி ஆளின் கணக்குக்கு வேண்டாம் அண்ணை, அது அவளுக்குத்தான் பிரச்சினை. பதிவு செய்த கிராமிய சங்கம் ஊடாக, பிரதேச செயலகத்துக்குத் தெரியக்கூடியதாகச் செய்யுங்கள். விபரம் தனியே எழுதுகிறேன்.

கனகராயன் எழுதியது:

பிள்ளை, தொடங்குவதற்கு முதல் இதை வைத்துக்கொள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மாதிரிக் கடிதம். ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்காமல் வராதே. 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு (மேன்முறையீட்டைப் பார்க்க அந்த அலுவலகம் நியமித்தவர்) மேன்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

"தகவல் உத்தியோகத்தர், பிரதேச செயலகம், ஒட்டுசுட்டான்.
1. காணி அனுமதிப்பத்திர உரிமை மாற்றத்துக்காகத் தங்கள் அலுவலகத்துக்குக் கிடைத்து, ஒரு வருடத்துக்கு மேலாக முடிவு வழங்கப்படாத விண்ணப்பங்களின் எண்ணிக்கை, கிராம அலுவலர் பிரிவு வாரியாக.
2. அனுமதிப்பத்திரக்காரர் காணாமற்போயுள்ளவிடத்து, உரிமை மாற்றத்துக்குத் தங்கள் அலுவலகம் கோரும் ஆவணங்களின் பட்டியல்.
3. அவ்வாறு கோருவதற்கு அடிப்படையான சுற்றறிக்கையின் பிரதி.
மேற்படி தகவல்களைத் தமிழ் மொழியில் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

மூன்றாவது கேள்விதான் முக்கியம். சுற்றறிக்கை இல்லாமல் வாயால் கேட்கும் ஆவணங்கள் அந்த இடத்தில் நின்றுவிடும்.

ஏ9பயணி எழுதியது:

அண்ணை, இதைத் துணுக்காய்க்கும் கொடுக்கலாமா? எங்கள் சின்னம்மாவின் பெர்மிட் அங்கேதான் கிடக்கிறது.

கனகராயன் எழுதியது:

ஓம், இடத்தின் பெயரை மாத்திரம் மாற்று. நான்காவதாகச் சின்னம்மாவின் விண்ணப்பத் திகதியைப் போட்டு, அது இப்போது யாருடைய மேசையில் இருக்கிறது என்றும் கேள்.